மீகாங் கழிமுகத்தில் மூன்று நாள்: மிதக்கும் சந்தைக்கு விடியுமுன் போக வேண்டும்

வியட்நாமின் மீகாங் கழிமுகத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் போனது மிதக்கும் சந்தையைப் பார்க்கத்தான். முதல் முறை சந்தை நடக்கும் இடத்தை மட்டும் பார்த்தேன்; சந்தையைப் பார்த்தது இரண்டாம் முறைதான். இடையில் நான் கற்றுக்கொண்டவை இனிப் போகப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதல் பயணம் ஹோ சி மின் நகரத்திலிருந்து கிளம்பி அன்று மாலையே திரும்பும் ஒருநாள் சுற்றுலா. விளம்பரத் தாளில் ‘காய் பே மிதக்கும் சந்தை’ என்று இருந்தது. காலை எட்டு மணிக்குப் பேருந்து புறப்பட்டது. வழியில் இரண்டு இடங்களில் நின்றது. படகில் ஏறியபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அகன்ற ஆற்றின் நடுவில் நான்கைந்து படகுகள் நங்கூரமிட்டு நின்றன. அவற்றில் ஒன்றில் ஒரு பெண்மணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பிறகு தேங்காய் மிட்டாய் செய்யும் கூடம், தேன் கலந்த தேநீர், மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படமெடுக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சந்தை எந்த நேரத்தில் கூடும் என்று கேட்டுக்கொள்ளாமல் பணம் கட்டியது நான்தான்.

இரண்டாம் முறை அம்மாவுடன் போனேன். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி உண்டு, மீன் இறைச்சி தொடமாட்டார். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள், இரண்டு இரவுச் சுற்றுலாக்களைத் தேடி, நான்கு முகவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டேன். சந்தை நாளன்று படகில் ஏறும் நேரம் என்ன, அதற்கு முந்தைய இரவு எந்த ஊரில் தங்குகிறோம், ஒரு படகில் எத்தனை பேர், மூன்று நாளில் பேருந்தில் கழியும் நேரம் மொத்தம் எவ்வளவு என்பவையே அவை. இரண்டு பேர் ‘அதிகாலையில்’ என்று மட்டும் பதில் எழுதினார்கள். ஒருவர் பதிலே எழுதவில்லை. நான்காமவர் ‘ஐந்து மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும், விடுதியிலிருந்து நடந்தே போகலாம், பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை’ என்று எழுதினார். அவர் கேட்ட கட்டணம் மற்றவர்களுடையதைவிடக் கூடுதல்தான். இருந்தாலும் அவரிடமே பணம் கட்டினேன். அதற்காக வருந்த நேரவில்லை.

நேரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. மிதக்கும் சந்தை சுற்றுலாப் பயணிகளுக்காகக் கூட்டப்படுவதில்லை. அது மொத்த வியாபாரச் சந்தை. தோட்டங்களிலிருந்து அன்னாசியும் பூசணியும் முட்டைக்கோசும் ஏற்றிவரும் பெரிய படகுகள் ஆற்றின் நடுவில் நங்கூரமிட்டு, சரக்கு தீரும்வரை பல நாட்கள் அங்கேயே நிற்கும். கரையிலுள்ள கடைக்காரர்களும் சிறு வியாபாரிகளும் கடை திறப்பதற்குள் சரக்கு வாங்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே சிறு படகுகளில் வந்துவிடுவார்கள். ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில்தான் கூட்டம். எட்டு மணிக்குமேல் வருகிறவர்கள் பெரும்பாலும் மற்றச் சுற்றுலாப் படகுகளைத்தான் பார்ப்பார்கள். கழிமுகத்தின் மிகப் பெரிய சந்தையான காய் ராங், கன் தோ நகரத்தின் நிங் கியூ படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஹோ சி மின் நகரத்திலிருந்து கன் தோவுக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஆகவே முந்தைய இரவைக் கன் தோவில் கழிக்காத எந்தச் சுற்றுலாவும் உங்களை அந்தச் சந்தைக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பது கடினம்.

முதல் நாள் பேருந்தில் எங்கள் வழிகாட்டி ஒரு தாளில் ஆற்றை வரைந்து காட்டினார். திபெத்திய பீடபூமியில் தொடங்கி, சீனா, மியான்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளைத் தாண்டி, 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரும் மீகாங், கம்போடியாவின் நோம் பென் அருகே பிரிந்து, தியென், ஹௌ என்ற இரண்டு பெரும் கிளைகளாக வியட்நாமுக்குள் நுழைகிறது. இவை மேலும் கிளைத்துக் கடல் சேர்வதால் வியட்நாமியர் இந்த ஆற்றை ‘ஒன்பது டிராகன்கள்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த வண்டல் நிலத்தில்தான் நாட்டின் நெல்லில் பாதிக்கு மேல் விளைகிறது. கடல் மட்டத்திலிருந்து இந்த நிலத்தின் சராசரி உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு, வயல், வாய்க்கால், வீட்டு வாசல் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதை ஜன்னல் வழியே நானே கவனிக்கத் தொடங்கினேன்.

வரைபடம் பார்த்துத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 ஜூலை 1 முதல் வியட்நாமின் மாகாணங்கள் பல இணைக்கப்பட்டுவிட்டன. நாங்கள் போன கழிமுகத்து ஊர்களில் பென் ட்ரே இப்போது வின் லாங் மாகாணத்திலும், மி தோ டோங் தாப் மாகாணத்திலும் இருக்கின்றன. பழைய பயண நூல்களும் பல விளம்பரத் தாள்களும் இன்னும் பழைய மாகாணப் பெயர்களையே சொல்கின்றன. மாகாணத்தின் பெயரை வைத்துத் தேடாமல் ஊர்ப் பெயரையும் படகுத்துறைப் பெயரையும் வைத்துத் தேடினால் குழப்பம் வராது.

மி தோவில் படகேறி, எதிரே உள்ள தீவுகளுக்கும் அங்கிருந்து பென் ட்ரேவின் தென்னந்தோப்புகளுக்கும் போனோம். மிட்டாய்க் கூடமும் தேன் தேநீரும் இந்தச் சுற்றுலாவிலும் உண்டு. அவற்றைத் தவிர்க்கும் சுற்றுலா எதையும் நான் காணவில்லை. ஆனால் இந்த முறை வழிகாட்டி அங்கே அரைமணி நேரத்துக்கு மேல் நிற்க விடவில்லை. டான் கா தாய் து என்னும் தென் வியட்நாமிய இசையை ஒரு தோப்பில் நால்வர் பாடி வாசித்தார்கள். 2013இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த இசை அது. பாட்டு முடிந்ததும் தட்டில் இருபதாயிரம் டாங் (வியட்நாம் நாணயம்) வைப்பது அங்கே வழக்கம், வற்புறுத்தல் இல்லை.

பெரிய படகிலிருந்து இறங்கி, நிப்பா பனைகள் இருபுறமும் கவிந்த குறுகிய வாய்க்காலில் சிறு தோணியில் போவது அன்றைய நாளின் சிறந்த பகுதி. அம்மாவுக்குக் கடினமான பகுதியும் அதுதான். இங்கே வாய்க்கால்களில் கடலின் ஏற்றவற்றம் தெரியும். நாங்கள் போனபோது நீர் வற்றியிருந்ததால், படித்துறையின் கடைசிப் படிக்கும் தோணிக்கும் இடையில் முழங்கால் அளவு இடைவெளி இருந்தது. படியில் சேறு வழுக்கியது. அம்மா தயங்கி நின்றார். துடுப்புப் போடும் பெண்மணி தோணியைத் திருப்பிப் பக்கவாட்டில் அணைத்து, தன் தோளைக் காட்டி, அம்மாவை முதலில் படியில் உட்காரச் சொல்லி, உட்கார்ந்தபடியே தோணிக்குள் காலை வைக்கச் செய்தார். நின்றபடி தாண்டக் கூடாது, உட்கார்ந்து இறங்க வேண்டும் என்பதை அதன் பிறகு எல்லாப் படகிலும் கடைப்பிடித்தோம். முழங்கால் வலியுள்ளவர்களோடு போகிறவர்கள் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால், நீர் ஏறியிருக்கும் நேரத்துக்குத் தோணிப் பயணத்தை மாற்றிவைக்கவும் சில சமயம் முடியும். நாங்கள் அதைச் சொல்லத் தவறியிருந்தோம். காலணி விஷயத்தில், பின்பட்டை உள்ள ரப்பர் செருப்புதான் சரி. சேற்றில் சிக்கினாலும் கழலாது, நனைந்தாலும் கவலையில்லை.

வியட்நாமியரும் முன்பின் தெரியாதவரை உறவுமுறை வைத்தே அழைக்கிறார்கள். தம்மைவிடச் சற்று மூத்த ஆணை ‘ஆன்’ என்றும் பெண்ணை ‘சி’ என்றும், இளையவரை ‘எம்’ என்றும் சொல்கிறார்கள். இவை அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்ற உறவுச் சொற்களே. தெற்கில் வீட்டின் மூத்த பிள்ளையை ‘இரண்டாமவர்’ என்று அழைப்பது வழக்கம் என்பதையும் வழிகாட்டிதான் சொன்னார். அம்மா இதைப் பிடித்துக்கொண்டார். தோணி ஓட்டிய பெண்மணியை ‘எம்’ என்று அவர் அழைத்ததும், அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே தன் கட்டம்போட்ட துண்டை எடுத்து அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டார். இந்த மூன்று சொற்களையும், நன்றி சொல்லும் ‘காம் அன்’ என்பதையும் கற்றுக்கொண்டு போவது நல்லது.

சைவ உணவு பற்றிய எங்கள் அச்சம் ஓரளவுக்கே உண்மையானது. ‘தோய் ஆன் சாய்’, அதாவது நான் சைவம் சாப்பிடுகிறேன் என்றால், அங்கே உடனே புரிகிறது. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்பதால் எல்லா நகரங்களிலும் ‘சாய்’ என்று பலகை வைத்த உணவகங்கள் உண்டு. சிக்கல் சுற்றுலாக்காரர் ஏற்பாடு செய்யும் பொதுச் சாப்பாட்டில்தான். கீரை வதக்கல் சைவமாகத் தெரிந்தாலும் அதில் நுவோக் மாம் என்னும் மீன்சாறு ஊற்றியிருப்பார்கள். நூடுல்ஸின் சாறு எலும்பில் காய்ச்சியதாக இருக்கும். பதிவு செய்யும்போதே ‘மீன்சாறும் எலும்புச்சாறும் கூடாது’ என்று எழுத்தில் கொடுத்து, ஒவ்வொரு வேளைக்கு முன்பும் வழிகாட்டியிடம் நினைவூட்ட வேண்டும். முதல் நாள் மதியம் நாங்கள் நினைவூட்டவில்லை. அம்மா வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டார். அன்று மாலை வழிகாட்டி தாமே எங்களைக் கன் தோவில் ஒரு சைவ உணவகத்துக்கு நடத்திப்போனார்.

அடுத்த நாள் நாலே காலுக்கு எழுந்தோம். படகுத்துறையில் இன்னும் இருட்டு. நவம்பரில் அங்கே சூரியன் உதிக்க ஆறு மணி ஆகிவிடும். கன் தோ ஆற்றில் அரைமணி நேரம் போன பிறகு, முதலில் டீசல் இயந்திரங்களின் சத்தமும், பிறகு படகுகளில் தொங்கிய விளக்குகளும் வந்தன. எங்கள் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படகை ஒழுக்கில் விட்டார். பெரிய படகுகளின் முன்பகுதியில் சிவப்புப் பின்னணியில் இரண்டு கண்கள் வரையப்பட்டிருந்தன. ஒவ்வொரு படகிலும் ஒரு நீண்ட மூங்கில் கழி நட்டு, அதன் உச்சியில் அந்தப் படகில் என்ன சரக்கு இருக்கிறதோ அதில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு. பூசணி தொங்கினால் பூசணிப் படகு. இயந்திரச் சத்தத்தில் கூவி விற்க முடியாத இடத்தில், தொலைவிலிருந்தே வாங்குபவருக்குத் தெரிவதற்கான ஏற்பாடு இது. ‘பெவ்’ என்று சொல்லப்படும் இந்தக் கழிக்கு விதிவிலக்குகளும் உண்டு. தொங்குவது ஆனால் விற்பனைக்கு இல்லாதது, படகில் குடியிருப்பவர்களின் துணி. விற்பது ஆனால் தொங்கவிட முடியாதது, சிறு படகுகளில் வரும் காப்பியும் நூடுல்ஸும். தொங்குவது ஒன்றும் விற்பது வேறொன்றுமாக இருப்பது, ஓலை கட்டிய படகு. அப்படியானால் படகே விற்பனைக்கு என்று பொருள்.

ஒரு பெரிய படகின் அடித்தளத்திலிருந்து பூசணிகளை ஒருவர் எடுத்து எறிய, நடுவில் நிற்பவர் பிடித்து அடுத்தவருக்கு எறிய, சிறு படகில் நிற்கும் பெண்மணி வாங்கி அடுக்கிக்கொண்டே வாய்விட்டு எண்ணினார். இங்கே ‘ஒரு பத்து’ என்பது எப்போதும் பத்தாக இருப்பதில்லை என்றார் வழிகாட்டி. பழ வியாபாரத்தில் ஊருக்கு ஊர் அது பன்னிரண்டாகவும் பதினான்காகவும் மாறுமாம். கூடுதலாகக் கொடுப்பது வாடிக்கையாளருக்கான மரியாதை. நாங்கள் அன்னாசிப் படகின் கூரைமேல் ஏறி அமர்ந்தோம். அந்த வீட்டுப் பெண் நான்கு வெட்டுகளில் அன்னாசியின் கண்களைச் சுருளாகச் செதுக்கி, காம்பையே கைப்பிடியாக வைத்துக் கொடுத்தார். படகின் பின்பகுதியில் ஒரு சிறுமி பள்ளிச் சீருடையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். அது ஒரு வீடு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த கேமராவை இறக்கிவைத்தேன். மொத்த வியாபாரிகளின் படகைப் படமெடுப்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை. ஆனால் குளிப்பதையும் சமைப்பதையும் படமெடுக்க வேண்டாம் என்பதை எந்த வழிகாட்டியும் முதலிலேயே பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் படகில் இருந்த ஒருவர் அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

சந்தை சுருங்கிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான படகுகள் ஆற்றை அடைத்து நிற்கும் பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம் வரலாம். 2000இல் திறந்த மி துவான் பாலமும் 2010இல் திறந்த கன் தோ பாலமும், அண்மையில் வந்த விரைவுச்சாலையும் சரக்கை லாரிக்கு மாற்றிவிட்டன. கரையோரம் கட்டப்பட்ட தடுப்புச்சுவர், படகிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றும் வசதியைக் குறைத்துவிட்டது என்று படகோட்டி வருத்தப்பட்டார். காய் ராங் சந்தை 2016இல் நாட்டின் மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் லாரியில் அனுப்பினால் ஒரே இரவில் சேரும் சரக்கைப் படகில் ஏற்ற எந்த அறிவிப்பாலும் ஒரு விவசாயியைக் கட்டாயப்படுத்த முடியாது. காய் பே சந்தை ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. முதல் பயணத்தில் நான் கண்ட நான்கைந்து படகுகளுக்கு என் தாமதம் பாதிக் காரணம்தான் என்று இப்போது தெரிகிறது. ஆகவே சந்தையைப் பார்க்க விரும்புகிறவர்கள் காய் ராங்கைத் தேர்ந்தெடுப்பதும், தள்ளிப்போடாமல் போவதும் நல்லது.

பணம் குறித்து ஓர் எச்சரிக்கை. இருபதாயிரம் டாங் தாளும் ஐந்து லட்சம் டாங் தாளும் நீல நிறம். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரியும். விடியலுக்கு முன் காப்பி வாங்கும்போது நான் பெரிய தாளை நீட்டிவிட்டேன். காப்பி விற்ற பாட்டி அதை என் முகத்துக்கு நேரே பிடித்து, பூஜ்யங்களை விரலால் எண்ணிக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிறு தாள்களைத் தனிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஊரான சௌ தொக் கம்போடிய எல்லைக்கு அருகில், கன் தோவிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அங்கே ஹௌ ஆற்றில் மிதக்கும் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டின் தரைக்கடியிலும் கம்பி வலைக்கூண்டில் கெளுத்தி இன மீன்களை வளர்க்கிறார்கள். கூடத்தின் நடுவில் இருக்கும் பலகையைத் தூக்கி ஒரு கை தீனியைப் போட்டதும் நீர் கொதிப்பதுபோலப் பொங்கியது. அம்மா ஒரு அடி பின்வாங்கி, பிறகு தானே ஒரு கை வாங்கிப் போட்டார். எதிர்க்கரையில் சாம் இன முஸ்லிம்களின் சிற்றூர். வெள்ளத்துக்காகக் கால்களின்மேல் உயர்த்திக் கட்டிய மரவீடுகளின் தூண்களில் ஆண்டுதோறும் வெள்ளம் எட்டிய அளவைக் குறித்துவைத்திருந்தார்கள்.

சௌ தொக் அருகே சாம் மலையின் (சாம் இனத்தாருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை) அடிவாரத்தில் பா சுவா ஸு என்னும் அம்மனின் கோயில் இருக்கிறது. அதன் திருவிழா 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அம்மனாக அலங்கரித்து வழிபடப்படும் கற்சிலை, உண்மையில் பழைய ஒக் எயோ பண்பாட்டைச் சேர்ந்த ஓர் ஆண் தெய்வத்தின் அமர்ந்த சிலை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இந்தியாவோடும் உரோமோடும் வணிகத் தொடர்பு வைத்திருந்த ஒக் எயோ துறைமுக நகரத்தை, சௌ தொக் இருக்கும் இந்த மாகாணத்தில்தான் 1944இல் லூயி மாலரே என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்தார். எங்கள் சுற்றுலாவில் ஒக் எயோ இடம்பெறவில்லை; கூடுதலாக ஒரு நாள் இருப்பவர்கள் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்க்காமல் விட்டதற்கு இன்னும் வருந்துகிறேன்.

போகும் காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆறு நிறைந்திருக்கும். சௌ தொக் பக்கம் அழகு அப்போதுதான், மழையும் உண்டு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம்; பயணம் எளிது. தெத் என்னும் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சந்தையில் பூவும் பழமும் குவியும். ஆனால் புத்தாண்டு நாட்களிலேயே போனால் படகுகள் ஊர் திரும்பியிருக்கும். கொசு விரட்டும் களிம்பு, மெல்லிய மழைக்கோட்டு, நீர் புகாத பை ஆகியவை எந்த மாதத்திலும் வேண்டும். சௌ தொக்கிலிருந்து படகிலேயே நோம் பென் போக நினைப்பவர்கள், இரு நாட்டு விசாக்களையும் அந்த எல்லைச் சாவடியில் ஏற்கிறார்களா என்பதைப் பதிவுக்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நாங்கள் சாலை வழியே ஹோ சி மின் நகரத்துக்குத் திரும்பினோம். ஆறு மணி நேரத்துக்குமேல் பிடிக்கும் அந்தப் பயணத்தை முகவர்கள் ‘நகரம் திரும்புதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் ஓர் இடமாவது இறங்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்கு அது சா தெக். அங்கே பூந்தொட்டிகளை நீருக்குமேல் மூங்கில் பரண்களில் அடுக்கி, இடையில் தோணியில் போய் நீர் ஊற்றுகிறார்கள். புத்தாண்டுக்கான சாமந்தி இன்னும் பூக்கவில்லை. பச்சையாகவே ஏக்கர் கணக்கில் நின்றது. பிறகு மி துவான் பாலத்தின்மேல் ஏறியபோது எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் அன்னாசிக் கொண்டைகள் தெரிந்தன. கீழே தியென் ஆற்றில் ஒரே ஒரு பெரிய மரப்படகு, முன்பகுதியில் அதே இரண்டு கண்களுடன், ஒழுக்கை எதிர்த்து மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது. அது பாலத்துக்கடியில் நுழையும்வரை அம்மா ஜன்னலோடு முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.